கோயில் கிணற்றில் நிரப்பிய போத்தல்

அண்ணை, அரசாங்கம் அனுப்பிய போத்தலைக் கோயில் கிணற்றில் நிரப்பியவர் நீங்கள். தோட்டக் கிணற்றில் எடுத்த தண்ணீர் என்று பொய் எழுதிக் கையெழுத்து வைத்தவரும் நீங்கள்.

போத்தலைப் பிடித்தவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. பத்து வயதில் வாய் திறக்கவில்லை, சரி. முப்பதில் ஏன் திறக்கவில்லை, ஐம்பதில் ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம்.

வாசிகசாலை ஆண்டு மலருக்குச் சிறுவயது ஞாபகம் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். மாங்காய்க்குக் கல்லெறிந்தது, தேர் இழுத்தது என்று ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். என்னோடு ஐந்தாம் வகுப்பில் வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்களே, அதெல்லாம் உங்களுக்கும் தெரியும். நான் எழுத்தாளர் இல்லை. சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். அச்சடிக்கிறவர்கள் இதில் ஒரு வரியையும் வெட்டக்கூடாது.

குளிக்கவும் துவைக்கவும் சவர்க்காரம் கிடைக்காத காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுச் சாமான் எதையும் நாட்டுக்குள் விடுவதில்லை, எல்லாவற்றையும் இங்கேயே செய்யவேண்டும் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில்தான் எங்கள் தோட்ட வெளிக்குத் தெற்கே, தகரக் கூரை போட்டு, அந்தச் சவர்க்காரத் தொழிற்சாலை வந்தது. திறப்பு விழாவுக்கு மேளம் பிடித்தார்கள். வீட்டுக்கு ஒரு கட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். மஞ்சள் நிறம், நடுவில் நீலக் கோடு. அம்மா அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் மூன்று நாள் வைத்துவிட்டுத்தான் வெட்டினார். நூலை இழுத்துப் பிடித்து வெட்டுவார். வெட்டும்போது வரும் அந்தத் தேங்காயெண்ணெய் மணத்துக்கு நானும் அக்காவும் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருப்போம். 

ஊரில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளுக்குப் புது மணி பூட்டினார்கள். தொழிற்சாலை வந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். பொய் சொல்லவில்லை, எனக்கும் சந்தோஷம்தான்.

தொழிற்சாலைக்குப் பின்பக்கம் ஒரு பாழ்க்கிணறு இருந்தது. காணிக்காரர் கொழும்போடு போய்விட்டார். சவர்க்காரம் காய்ச்சி எடுத்த பிறகு அடியில் மிஞ்சும் கறுத்த கழிவு நீரை ஒரு குழாய் போட்டு அந்தக் கிணற்றுக்குள் விட்டார்கள். யாரும் அதை ஒளித்துச் செய்யவில்லை. கிராமச் சங்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் பாராட்டினார்கள். மற்ற இடங்களில் கழிவைத் தெருவில் ஓடவிடுகிறார்கள், இங்கே ஒரு சொட்டு வெளியே இல்லை, எவ்வளவு துப்புரவு என்று பேசிக்கொண்டார்கள். அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

கிணற்றை நம்பியே பிழைக்கிற ஊர் எங்களுடையது. ஆறு இல்லை, ஏரி இல்லை. செம்மண்ணுக்குக் கீழே எல்லாம் ஓட்டை ஓட்டையான சுண்ணாம்புக் கல். ஒரு கிணற்றில் மெஷின் வைத்து இறைத்தால் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கும். அதற்காக வேலி பாய்ந்து சண்டை பிடிப்பவர்கள் நாங்கள். கிணறுகள் கீழே ஒன்றோடொன்று தொடுத்திருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியாதா? இறைப்பு முறைக்குச் சண்டை பிடிக்கும்போது தெரிந்தது. கழிவை ஊற்றும்போது தெரியவில்லை.

எங்கள் வீட்டு வளவில் கிணறு இல்லை. ஒழுங்கையால் நடந்துபோனால் வரும் தோட்டக் கிணறுதான் எல்லாவற்றுக்கும். ஐந்து குடும்பத்துக்குப் பங்கு. குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கு இறைக்க எல்லாம் அதுதான். கிணற்றை ஒட்டிய காணித் துண்டு அக்காவுக்குச் சீதனம் என்று அப்பா அவள் பிறந்தபோதே சொல்லி வைத்திருந்தார்.

எங்கள் தண்ணீரின் குணம் உங்களுக்குத் தெரியும். சவர்க்காரம் லேசில் நுரைக்காது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படை படையாகக் கல் கட்டும். பருப்பு அவிய ஒரு கட்டு விறகு வேண்டும். தொழிற்சாலை வந்து சில மாதத்தில் அந்தத் தண்ணீர் மாறியது. முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு மாமி. கிணற்றடியில் நின்று கத்தினார்.

“எடி பிள்ளையள், இஞ்சை ஓடி வாங்கோ! தொட்டவுடனை நுரைக்குது!”

“உங்கடை சவுக்காரம் புதுசு மாமி, அதுதான்” என்றாள் அக்கா.

“புதுசோ? போன மாசத்துக் கட்டியடி. தண்ணி மாறிப்போச்சு. கையைத் தேய்ச்சுப் பார், பட்டு மாதிரி வழுக்குது.”

அம்மா கையைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு முகத்தில் தேய்த்துப் பார்த்தார். “ஓம்தான். நேற்றுப் பருப்பும் ரெண்டு கொதியிலை கரைஞ்சுபோச்சு. நான் பருப்பு நல்ல பருப்பு எண்டெல்லோ நினைச்சன்” என்றார்.

இதை எழுதும்போது எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. நஞ்சு வந்தபோது நாங்கள் அதை வரவேற்றோம். மற்ற ஒழுங்கைக்காரர் தங்கள் ஊத்தை உடுப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் கிணற்றுக்கு வந்தார்கள். அம்மா தானே வெட்டிய கிணறு மாதிரிப் பெருமையோடு வாளியை எடுத்துக் கொடுப்பார். “கடவுள் கண் திறந்திட்டார்” என்று மாமி சொன்னார். பின்னேரம் தோறும் கிணற்றடி வாய்க்காலில் நுரை மிதந்து போகும். நாங்கள் பிள்ளைகள் அதை அள்ளித் தாடி ஒட்டி விளையாடினோம்.

சோளகக் காற்று எழும்பிய நேரம் எல்லாம் பிழையாகத் தொடங்கியது. சோறு மஞ்சளாக, குழைந்து வந்தது. தேத்தண்ணி மை மாதிரிக் கறுத்தது. அம்மாவின் விரல் இடுக்குகள் வெடித்தன. குளித்தால் உடம்பு கடித்தது. எங்கள் கன்றுக்குட்டி வாளிக்குள் மூக்கை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பியது. பிறகு வெங்காயம். தாளின் நுனி கருகி, கீழே கருகி, ஒரு கிழமைக்குள் பாத்தி முழுவதும் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. செம்மண்ணில் வெள்ளையாக ஒரு பொருக்குப் படிந்தது. அப்பா அதைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

ஐந்து பங்குக்காரரும் கிணற்றடியில் கூடினார்கள். தெற்கே தகரக் கூரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு பங்குக்காரரின் மகன்மாருக்கு அங்கே வேலை. அவர்கள் திரும்பியது கிழக்குப் பக்கம். அங்கே ஊரின் உடுப்பு வெளுக்கிற கட்டாடியாரின் குடிசையும் அவருடைய துவைக்கிற கிணறும் இருந்தன.

“உவன் சவுக்காரமும் சோடாவும் போட்டு வெளுக்கிறான். அந்தத் தண்ணிதான் ஊறி இஞ்சை வருகுது” என்றார் பெரிய பங்குக்காரர்.

அப்பா தயங்கினார். “அவன்ரை தேப்பன் காலத்திலையிருந்து உதிலைதானே வெளுக்கிறாங்கள்...”

“அப்ப அதுதான் இப்ப நிறைஞ்சு வழியுது.”

அவரைக் கூப்பிட்டார்கள். கட்டாடியார் வந்து, வழக்கம்போல, கிணற்றுக் கட்டுக்குக் கிட்ட வராமல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றார். மெலிந்த மனிதர். அவருடைய மகள் என் வகுப்பு. அவளும் பின்னால் வந்து நின்றாள். நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருப்போம். தோட்டத்தில் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். 

குற்றச்சாட்டைச் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. “கமக்காறன், ஒரு வாளி தண்ணி அள்ளித் தாங்கோ” என்று அப்பாவிடம் கேட்டார். தானே அள்ள அவருக்கு அந்தக் கிணற்றில் உரிமை இல்லை. அப்பா அள்ளி வைத்தார்.

அவர் தோளில் கிடந்த மூட்டைக்குள் இருந்து ஒரு துணியை எடுத்தார். பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு ஒன்றில் மஞ்சள் பட்ட துணி, இன்னும் வெளுக்காதது. அதன் ஒரு மூலையை வாளிக்குள் தோய்த்தார். தூக்கிக் காட்டினார். மஞ்சள் கறை செக்கச்சிவப்பாக மாறியிருந்தது. பிறகு மகளிடம் இருந்த செம்பை வாங்கினார். அதில் ஊரின் வடக்குக் கோடியில் உள்ள கோயில் கிணற்றுத் தண்ணீர். அதை அங்கே மடத்தடியில் எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பார்கள். துணியின் மற்ற மூலையைச் செம்புக்குள் விட்டார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

“காரம் இருக்கிற தண்ணியிலைதான் மஞ்சள் இப்பிடிச் சிவக்கும். நான் சின்ன வயசிலையிருந்து பாக்கிறன். என்ரை கிணத்துத் தண்ணியும் இப்ப இப்பிடித்தான் சிவக்குது. நான் ஒரு நாளைக்குப் பாவிக்கிற கையளவு சோடாவுக்கு ரெண்டு கிணறு சிவக்காது, கமக்காறன். பீப்பாக் கணக்கிலை ஊத்துறவன் தெற்கை இருக்கிறான்.”

எல்லாரும் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவின் முகத்தில் அவர் அதை நம்பியது தெரிந்தது. நான் பார்த்தேன். அப்போதுதான் பெரிய பங்குக்காரர் சிரித்தார்.

“ஆலாத்தி கரைக்கிற வித்தையை எங்களுக்கே காட்டுறான் பாருங்கோ! மஞ்சளிலை சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் எண்டு எங்கடை வீட்டுப் பொம்பிளையளுக்குத் தெரியாதே? கைக்கை சுண்ணாம்பை வைச்சுக்கொண்டு வந்து நிக்கிறான்.”

“சுண்ணாம்பு இல்லை. கையைப் பாருங்கோ.”

“வெத்திலை போடுற வாய் தானே? கழுவிப்போட்டு வந்திருப்பாய். போடா.”

அவர் இரண்டு கையையும் விரித்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். காரத்தில் வெந்து தோல் உரிந்த கை. யாரும் பார்க்கவில்லை. 

என்னிடம் கேளுங்கள், அன்றைக்கு அந்தக் கிணற்றடியில் நின்றவர்களில் படித்தவர் அவர் ஒருவர்தான்.

கட்டாடியார் அரசாங்கத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தை எழுதியது அவருடைய மகள். வகுப்பில் அவள் எழுத்துத்தான் குண்டு குண்டாக அழகாக இருக்கும். கோட்டுத் தாள் கொடுத்தது நான். பள்ளிக்கூடப் புளியமரத்தடியில் இருந்து, ‘சுகாதாரப் பகுதிப் பெரியையா அவர்களுக்கு’ என்று தொடங்கி எழுதினாள். தகப்பன் சொல்லச் சொல்ல மனத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை. ‘எமது ஊர்த் தண்ணீரைச் சோதித்து உண்மையை ஊருக்குச் சொல்லுமாறு பணிவுடன் கேட்கிறேன்.’ யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தில் போன ஒரு வாத்தியார் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இதற்கிடையில் அக்காவுக்கு மருதனார்மடம் பக்கத்தில் ஒரு சம்பந்தம் சரிவந்திருந்தது. நாள் பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பன் ஒரு நாள் சைக்கிளில் வந்து இறங்கினார். உட்காரவில்லை. 

“தண்ணியிலை ஏதோ கதை அடிபடுகுது. தண்ணி பிழைச்ச காணியை வாங்கி நாங்கள் என்ன செய்யிறது?”

“பேய்க்கதை அண்ணை. அரசாங்கம் சோதிக்கப்போகுது. காயிதம் வந்தவுடனை கொண்டுவந்து தாறன்” என்றார் அப்பா.

அவர் போன பிறகு அம்மா குசினிக்குள் இருந்து அழுதார். அக்கா கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்குக் கன்னத்தில் தோல் உரிந்திருந்தது. தேங்காயெண்ணெய் பூசி மறைத்துக்கொண்டிருந்தாள்.

சோதிக்கிற உத்தியோகத்தர் ஒரு நாள் மத்தியானம் வந்தார். வெள்ளைக் காற்சட்டை, தோல் சப்பாத்து. ஒரு மரப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து அந்தப் போத்தலைக் கொண்டுவந்தார். கண்ணாடி மூடி, கழுத்தில் நூல் கட்டி ஒரு துண்டு. இவ்வளவு துப்புரவான கண்ணாடியை நான் அதுவரை கண்டதில்லை. அம்மா விடியவே கோயில் கிணற்றில் இரண்டு குடம் தண்ணீர் எடுப்பித்து வைத்திருந்தார். வருகிறவருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி கொடுக்க முடியுமா? அந்தக் கேள்வி அம்மாவுக்கு வரவே இல்லை. தண்ணீர் பிழை என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நண்டுக் கறி, முருங்கைக்காய், தயிர் என்று சாப்பாடு நடந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அவர் வெளியே பார்த்தார். செம்மண் அனல் கக்கியது.

“கிணறு எவ்வளவு தூரம்?”

“நீங்கள் ஏன் இந்த வெயிலுக்கை அலையிறியள் ஐயா? சாய்மனைக் கதிரையிலை சரியுங்கோ. நான் போய் எடுத்துக்கொண்டு வாறன்” என்றீர்கள், அண்ணை. 

“நான்தான் எடுக்கவேணும் தம்பி. சட்டம் அப்பிடி.”

“சட்டம் வெயில் பாக்குமே ஐயா?”

அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்தவரை மத்தியான வெயிலில் நடக்கவிடக்கூடாது என்பது எங்கள் மரியாதை. அந்த மரியாதைக்கு அவர் அரைக் கண்ணை மூடினார். மற்ற அரைக் கண்ணை நண்டுக் கறி மூடியது. 

அண்ணன் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றினார். போத்தல் என் மடியில். ஒழுங்கை பிரிகிற இடத்தில் இடப்பக்கம் திரும்பினால் தோட்டம். அண்ணன் வலப்பக்கம் திருப்பினார்.

“அண்ணை, எங்கை போறியள்? தோட்டம் அங்காலை.”

“வாயை மூடிக்கொண்டு இரு.”

“கிணறு அங்காலையெல்லோ!”

“அக்காவுக்குக் கலியாணம் நடக்கவேணுமோ, வேண்டாமோ? சொல்லு.”

“நடக்கவேணும்.”

“அப்ப போத்தலை இறுக்கிப் பிடி.”

கோயில் பூட்டியிருந்தது. கிணற்றடியில் ஒரு காகம் நின்றது. அண்ணன் அள்ளினார். நான் போத்தலை அலசிவிட்டு, கழுத்தைப் பிடித்தேன். அவர் ஊற்றினார். தண்ணீர் குளிர்ந்து, விரலால் வழிந்தது. வழுக்கவில்லை. அதை நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். வழுக்காத தண்ணீரைத் தொட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. மிஞ்சியதை நான் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உத்தியோகத்தர் எழும்பி அரக்கை உருக்கி மூடியில் விட்டார். துண்டில், ‘எடுத்த இடம்: தோட்டக் கிணறு’ என்று அண்ணன் எழுதிக் கையெழுத்து வைத்தார். அப்பா வாசலில் நின்றார். போன நேரத்தையும் வந்த நேரத்தையும் வைத்தே அவருக்கு விளங்கியிருக்கும். கேட்காமல் இருப்பதற்கு அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

காகிதம் வந்தது. தண்ணீர் நல்லது. மனித பாவனைக்கு உகந்தது. அப்பா அதை மருதனார்மடத்துக்குக் கொண்டு போனார். கலியாணம் உறுதியானது. மற்ற நான்கு பங்குக்காரருக்கும் அந்தக் காகிதம் ஊரின் மானத்தைக் காப்பாற்றிய காகிதம். கழிவுக் குழாய் இன்னொன்று கூடியது.

தண்ணீர் நல்லதென்றால் கட்டாடியார் மேல் என்ன குற்றம்? இந்தச் சின்னக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. தொழிற்சாலை மேல் பொய் சொன்னார் என்பது ஒரு குற்றம். தண்ணீரைக் கெடுத்தார் என்பது இன்னொரு குற்றம். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. ஆனால் இரண்டுக்கும் அவர் கோயில் வீதியில் நின்று மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்கள். கேட்டார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நான் சொன்னது பொய்” என்றார். அவருடைய மகள் அங்கே இருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் தேர்முட்டிப் பக்கம் பார்த்தேன்.

அவருடைய கிணற்றில் இனி வெளுக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். எப்போதிருந்து? அக்காவின் கலியாணம் முடிந்த பிறகு. ஏனென்றால் கலியாணப் பந்தலுக்கு வெள்ளை கட்ட ஆள் வேண்டும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் கட்டாடியார் வந்து பந்தல் மேலே வெள்ளைத் துணி விரித்துக் கட்டினால்தான் அது எங்களுக்குச் சபை. பொய்யன் என்று பெயர் வைத்த வாயாலேயே அவருக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவர் வரவில்லை. வெள்ளைத் துணிகளை வெளுத்து, மடித்து, கரிப்பெட்டியால் அழுத்தி, மகளிடம் கொடுத்துவிட்டார். அவள் வாசல் படலையடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

“தேப்பன் எங்கையடி?” என்று அம்மா கேட்டார்.

“ஏலாதாம்” என்றாள். காய்ச்சல், வருத்தம் என்று சொல்லவில்லை.

அப்பாவும் அண்ணனும் ஏணி வைத்து ஏறினார்கள். பரம்பரையாக ஒருவரே கட்டிய துணி. எங்கே தொடங்குவது, எப்படி இழுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மூலையை இழுத்தால் மற்ற மூலை தொங்கியது. தாலி கட்டுகிற நேரம் நடு முடிச்சு அவிழ்ந்து, முழுத் துணியும் மாப்பிள்ளையின் தகப்பன் தலையில் விழுந்தது. அவர் உள்ளே நின்று கைகளை வீசினார். பிள்ளைகள் நாங்கள் சிரித்தோம். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்தக் கலியாண வீட்டில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்த கிழமை கட்டாடியாரின் குடிசை காலி. கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் இடம் தாராளமாக இருந்தது. அவள் விட்டுப்போன மைக்கூடு பல நாள் அங்கேயே இருந்தது. பிறகு யாரோ எடுத்துவிட்டார்கள்.

அக்கா அந்தக் கிணற்றை ஒட்டிய காணியில் வீடு கட்டிக் குடியிருந்தாள். அந்தக் காகிதத்தால் அவளுக்குப் புருஷன் கிடைத்தான். அந்தக் காகிதத்தாலேயே அந்தத் தண்ணீரும் கிடைத்தது. யுத்தம் வந்து தொழிற்சாலையின் தகரத்தைப் பிய்க்கும் வரைக்கும் அதைத்தான் குடித்தாள், அதில்தான் சமைத்தாள். அவளுக்கு எப்போதும் வயிற்று நோ. தலை வாழையிலையில் நல்ல சோற்றைப் போட்டாலும் நான்கு வாய்க்கு மேல் இறங்காது. கிழவியாகாமலே செத்துப்போனாள். எதனால் என்று வைத்தியர் சொல்லவில்லை. நானும் தெரியாததைச் சொல்ல மாட்டேன். அவள் எந்தத் தண்ணீரைக் குடித்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இனி இன்றைய கதை. அதே காணியில் இப்போது தொழிற்பேட்டை. பெயின்ற் கலக்கிறார்கள், பழைய பற்றரி உடைக்கிறார்கள், பாரவாகனம் கழுவி எண்ணெய் மாற்றுகிறார்கள். கழிவை எங்கே விடுகிறார்கள்? குழிக்குள். குழிக்குக் கொங்கிறீற் மூடி போட்டு அதில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது. அதற்கு அரசாங்கம் ஒரு குழு போட்டது. நிலத்தடி நீரைப் பாதுகாக்கும் குழு. கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று வந்த என் அண்ணன்தான் தலைவர். தொழிற்பேட்டையை இன்னும் பெரிதாக்கலாமா என்று சிபாரிசு செய்ய வேண்டியதும் அந்தக் குழுதான்.

போன கூட்டத்துக்கு நானும் போனேன். பின்வரிசையில் இருந்தேன். தோட்டம் செய்கிற ஒரு இளம் பெண் எழும்பினாள். கையில் ஒரு பிளாஸ்ரிக் போத்தல்.

“ஐயா, இதை மணந்து பாருங்கோ. மண்ணெண்ணெய் மணக்குது. இதைத்தான் என்ரை பிள்ளையளுக்கு வார்க்கிறன்.”

அண்ணன் மணக்கவில்லை. “ஆத்திரப்படாமல் இரும் பிள்ளை. இந்த ஊரிலை தொழிற்சாலை எண்டால் உடனை தண்ணியிலைதான் பழி. அந்தக் காலத்திலையும் இப்பிடித்தான்” என்று சொல்லி, ஒரு மட்டைக்குள் இருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினார். பழுத்துப்போன காகிதம். அதே காகிதம். “அரசாங்கமே சோதிச்சு நல்ல தண்ணி எண்டு சொன்னது. நான் நேரிலை நிண்ட சாட்சி. போத்தல் துண்டிலை கையெழுத்தும் என்ரைதான்.”

“அப்ப அந்த நேரம் ஏன் ஐயா வெங்காயம் எல்லாம் கருகினது? எங்கடை அப்பப்பா சொல்லுவார்.”

“அது உடுப்பு வெளுக்கிற ஆக்களாலை வந்த பிரச்சினை. அவையளை எழுப்பினதோடை சரி.”

சபை தலையாட்டியது. அந்தப் பெண் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். நானும் இருந்தேன். எழும்பியிருக்கலாம். எழும்பவில்லை. முழங்கால் நோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அன்றைக்கே கட்டாடியாரின் மகளைத் தேடத் தொடங்கினேன். சங்கக்கடையில் என்னோடு வேலை செய்த ஒருத்தியின் மருமகன் கிளிநொச்சியில். அவன் மூலம் இலக்கம் கிடைத்தது. அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவளாம். என் குரலை அவளுக்குத் தெரியவில்லை. யார் என்று சொன்னேன்.

“கோட்டுத் தாள் தந்தனீர்” என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள், கோயில், காகம், எல்லாம். முடிந்த பிறகு, “எங்களுக்குத் தெரியும்” என்றாள்.

“என்னெண்டு?”

“அண்டைக்குக் கோயில் மடத்தடியிலை அப்பா நிண்டவர். உங்களைக் கண்டவர். வீட்டிலை வந்து சொன்னவர்.”

“அப்ப ஏன் அவர் வீதியிலை நிண்டு அதைச் சொல்லேல்லை?”

“சொல்லி? ஆர் நம்பியிருப்பினம்? நீர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பினம்.”

நான் அழுதேன். அவள் அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. நல்ல காலம். 

“நான் இப்ப எழுதுறன். மலரிலை போடுவிக்கிறன்” என்றேன்.

“எழுதும். ஆனால் நீர் எழுதினால் தங்கச்சிக்காரிக்கு விசர் எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவார். கையெழுத்து வைச்சவர் அவர். அப்பா செத்துப் பதினேழு வருசம். சாகேக்கையும் ‘நான் பொய் சொன்னவன் எண்டு அங்கை சொல்லியிருக்கிறன்’ எண்டுதான் புலம்பினவர். உம்மடை அண்ணை தன்ரை வாயாலை சொல்லவேணும். அந்த ஊருக்கு முன்னாலை.”

“நீர் வருவீரோ?”

“வாறன். என்ரை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாறன். அவையளுக்கும் கேக்கவேணும்.”

இந்த மலர் ஒரு கிழமைக்கு முன்பே வீடு வீடாக வந்துவிடும். வெளியீட்டு விழா அன்றைக்கே, அதே மண்டபத்தில், சிபாரிசில் குழு கையெழுத்து வைக்கிறது. அண்ணை, நீங்கள் மேடையில் இருப்பீர்கள். அதற்கு முன் இதை வாசித்திருப்பீர்கள். எனக்கு மறதி வந்துவிட்டது, விதவைக்குத் தனிமையில் கற்பனை கூடிப்போச்சு என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வீர்கள். சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து தனியாகக் கதைப்போம் என்று ஆள் அனுப்பாதீர்கள். நான் படலை திறக்க மாட்டேன்.

என்னோடு படித்தவர்களே, நீங்களும் அந்த நுரையில் தாடி ஒட்டி விளையாடியவர்கள்தான். அன்றைக்கு வாருங்கள். பின்வரிசையில் இருக்காதீர்கள்.

முன்வரிசையில் ஒரு பெண் தன் பிள்ளைகளோடு இருப்பாள், அண்ணை. அவளுக்குக் கிட்டப் போய்க் காதுக்குள் சொல்ல வேண்டாம். ஒலிபெருக்கியைப் போடச் சொல்லுங்கள். வெளியே ஒழுங்கையில் நிற்பவனுக்கும் கேட்கவேண்டும். அவளுடைய தகப்பன் பொய்யரா, நீங்கள் பொய்யரா? பதில் சொல்லிவிட்டுப் பேனையை எடுங்கள்.